‘அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?’

கேள்வி: நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பி.காம். முடித்துவிட்டு ஓர் அரிசி ஆலையில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். சம்பளம் ஏறவில்லை, வருவதும் நேரத்துக்கு வராது. விட்டுவிட்டு குரூப் 4க்குப் படித்தேன். இரண்டு வருடம் போய்விட்டது. நடுவில், ஊரில் இ-சேவை மையம் வைத்திருக்கும் அக்காவுக்கு ஒத்தாசையாகப் பயிர்க் காப்பீட்டுப் பதிவெல்லாம் செய்துகொடுத்தேன். இப்போது கும்பகோணத்தில் ஒரு தனியார் வங்கியில் விவசாயக் கடன் அதிகாரி வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. போன முறை திருச்சியில் ஒரு கம்பெனியில், ‘அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க’ என்று கேட்டார்கள். யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்ததை ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு ஐந்து வருடக் கனவு என்று எதுவும் இல்லை மேடம். எங்கள் வீட்டில் நடவு நட்டால் அறுப்பு வரைக்கும்தான் யோசிப்போம். இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது? இரண்டு வருட இடைவெளிக்கும், கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாலும் என்ன சொல்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அவர்கள் சிரித்தது உங்களைப் பார்த்து என்று நினைக்காதீர்கள். அன்று காலையிலிருந்து வந்த பாதிப் பேர் அதே பதிலை, அதே வார்த்தைகளில் சொல்லியிருப்பார்கள். ‘ஐ வான்ட் டு பி இன் எ ரெஸ்பெக்டபிள் பொசிஷன் இன் யுவர் எஸ்டீம்டு ஆர்கனைசேஷன்’ என்று ஆரம்பித்தாலே அடுத்த வரி எங்களுக்குத் தெரிந்துவிடும். டெல்டா மாவட்டக் கிளைகளுக்கு ஆளெடுக்கும் வேலையில் இருப்பவள் நான். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

கிளை மேலாளருக்கு உங்கள் கனவு என்னவென்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆளை எடுத்து, கடன் ஃபைல் பார்க்கப் பழக்கி, வலங்கைமான் பக்கம் இன்ன ஊர், குடவாசல் பக்கம் இன்ன ஊர் என்று காட்டிக்கொடுத்த பிறகு அந்த ஆள் போய்விட்டால் அவர் தலையில்தான் விடியும். ஆகவே அந்தக் கேள்வியில் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டுதான்: நீங்கள் நிற்பீர்களா? இந்த வேலை என்னவென்று தெரிந்துதான் வந்திருக்கிறீர்களா? இரண்டாவதற்கு நல்ல பதில் வந்துவிட்டால் முதலாவதைப் பாதி நம்பிவிடுவார். வேலை தெரியாமல் வந்தவர்கள்தான் மூன்றாவது மாதமே ஓடுகிறார்கள்.

அதனால் ஐந்து வருடத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் நீங்கள் செய்த மூன்று வருட வேலையை எடுத்துக்கொள்வோம். கடிதத்தில் அதைக் ‘கணக்கு எழுதினேன்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். இன்டர்வியூவிலும் ‘டேலி பார்த்தேன் சார்’ என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஆலை நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை முகவராக, அதாவது அரசு நெல்லை வாங்கி அரைத்துக் கொடுக்கும் ஆலையாக, இருந்ததா? டெல்டாவில் நிறைய ஆலைகள் அப்படித்தான். இருந்திருந்தால் உங்கள் மேஜையில் என்னவெல்லாம் ஓடியிருக்கும் என்று பாருங்கள். கொள்முதல் நிலையத்திலிருந்தோ கிடங்கிலிருந்தோ நாற்பது கிலோ மூட்டையாக நெல் வரும். நூறு குவிண்டால் என்றால் 250 மூட்டை. புழுங்கல் அரிசியாக அரைத்தால் அரசுக் கணக்கில் 68 சதவீதம் திருப்பித் தரவேண்டும். பச்சரிசி என்றால் 67. அந்த 68 குவிண்டாலும் ஐம்பது கிலோ மூட்டையாக 136 போகவேண்டும். நெல்லின் ஈரப்பதம் கூடுதலாக இருந்தால் அரிசி குறையும், குறைந்ததை ஆலைதான் ஈடுகட்ட வேண்டும். 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. அறுப்பு நேரத்து மழையில் அதை அரசு தளர்த்துவதும் உண்டு, அந்த வருடம் ஆலைக்காரர்கள் புலம்புவதும் உண்டு. எடைமேடைச் சீட்டும் லாரியோடு வந்த ட்ரக் மெமோவும் ஒத்துப்போகிறதா, வந்த சாக்கு எத்தனை, திரும்பிய சாக்கு எத்தனை, தவிடு, உமி, குருணை விற்ற வரவு என்ன? இதையெல்லாம் நாள் தவறாமல் சரிபார்த்த ஒருவர் வந்து ‘டேலி தெரியும்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் எனக்கு வயிறு எரியும்.

இதையே இப்படிச் சொல்லுங்கள்: ‘அறுப்பு சீசன்ல தினம் வர்ற நெல்லுக்கும், அரைச்சு அனுப்ப வேண்டிய அரிசிக்கும் நான்தான் கணக்கு வெச்சேன் சார். எடைச் சீட்டுல வித்தியாசம் வந்தா அன்னிக்கே கேட்டுத் தீர்த்துடுவேன், மறுநாளைக்கு விடமாட்டேன்.’ இரண்டு வாக்கியம் போதும். விவசாயக் கடன் பார்க்கும் மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘வித்தியாசம் எதனால வரும்?’ என்று கேட்பார். அதற்குப் பிறகு உங்களை யாரும் ஒப்பிக்கச் சொல்லப்போவதில்லை. பேச்சு உங்களுக்குத் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டது.

ஆலை அரவைக்கு எடுக்காமல் சொந்த வியாபாரம் மட்டும் செய்திருந்தால் விவரம் மாறும், வழி அதேதான். தினமும் எது உங்கள் கைப்பட நடந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எப்படிச் செய்தீர்கள் என்று பேசுங்கள். முதலாளியின் தொகைகளைப் பேசாதீர்கள். வருடத்துக்கு எவ்வளவு அரைத்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்றெல்லாம் உளறினால், நாளைக்கு எங்கள் வாடிக்கையாளர் கணக்கையும் இந்தப் பெண் டீக்கடையில் பேசும் என்றுதான் தோன்றும். ‘ஏன் அந்த வேலையை விட்டீங்க?’ என்பதற்கும் இது பொருந்தும். சம்பளம் நேரத்துக்கு வராததை அங்கே கொட்டவேண்டாம். டெல்டா சின்ன இடம். அந்த முதலாளி இதே வங்கியில் சி.சி. கணக்கு (வியாபாரத்துக்கான கடன் கணக்கு) வைத்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. ‘மூணு வருஷத்துல அங்க அடுத்த படி எதுவும் இல்ல சார், அரசுத் தேர்வு எழுதிப் பாக்கலாம்னு விட்டேன்’ என்றால் அது உண்மையும்கூட, யார் மேலும் பழியும் இல்லை.

இப்போது ஐந்து வருடத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் அறுப்பு வரைக்கும்தான் யோசிப்பார்கள் என்று ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போகிற வேலையில் ரிசர்வ் வங்கியே அப்படித்தான் எண்ணுகிறது. பெரும்பாலான கடன்களில் தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். குறுகிய காலப் பயிருக்கான கடனில் இரண்டு பயிர்ப் பருவம் தாண்டவேண்டும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு எப்போது பணம் கையில் இருக்கவேண்டும், தண்ணீர் தள்ளிப்போனால் யார் யார் குறுவையை விட்டுவிட்டு நேராகச் சம்பாவுக்குப் போவார்கள், தை மாதம் சம்பா அறுத்து நெல்லைப் போட்டுப் பணம் வர எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் உங்களுக்குச் சோற்றுக்கை மாதிரி பழகிய விஷயம். வெளியூரிலிருந்து வரும் அதிகாரிக்கு அது பிடிபடவே ஒரு வருடம் ஆகும். உங்கள் முதல் வருடக் குறிக்கோள் இதற்குள்தான் இருக்கிறது.

அதற்கு மேல் சொல்ல, அந்தத் தொழிலில் படிக்கட்டு எப்படி என்று தெரிந்திருக்கவேண்டும். வங்கியில் சேர்ந்தவர்கள் எழுதுவது ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு, மும்பையில் இருக்கும் இந்திய வங்கியியல் மற்றும் நிதி நிறுவனம் நடத்துகிறது. நான்கு தாள், அதில் ஒன்று கணக்கியல். பி.காம். படித்தவருக்கு அது பழைய சோறு. அதை முடித்தால் சி.ஏ.ஐ.ஐ.பி., அதில் விருப்பப் பாடமாக ரூரல் பேங்கிங் எடுக்கலாம். இவ்வளவு தெரிந்தால் பதில் தானாக வரும். ஒரு மாதிரிக்கு:

‘முதல் வருஷம் குறுவை, சம்பா ரெண்டு பருவமும் கடன் குடுக்கறதுல இருந்து வசூல் வரைக்கும் முழுசாப் பாத்துடணும் சார். கூடவே ஜே.ஏ.ஐ.ஐ.பி. எழுதிடுவேன். எங்க பக்கம் குத்தகைக்காரங்க ஜாஸ்தி, பட்டா அவங்க பேர்ல இருக்காது. அவங்களுக்குக் குழுக்கடன் எப்படிச் சரியாக் குடுக்கறதுன்னு கத்துக்கணும்னு ஆசை. அஞ்சு வருஷத்துல ஒரு கிளையோட விவசாயக் கடனை என்கிட்ட நம்பிக் குடுக்கலாம்ங்கற அளவுக்கு வந்தாப் போதும்.’

இதை அப்படியே மனப்பாடம் செய்தீர்கள் என்றால் திருச்சிக் கதைதான். குத்தகைக்காரர்கள் விஷயத்தில் உங்களுக்கு உண்மையில் அக்கறை இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, எதில் இருக்கிறதோ அதை வையுங்கள். அக்கறை இருந்தால் கொஞ்சம் படித்துக்கொண்டு போங்கள். குத்தகைதாரரும் கிசான் கிரெடிட் கார்டு வாங்கலாம் என்று விதியில் இருக்கிறது. கோயில் நிலத்தையும் ஆதீன நிலத்தையும் வாய்வழிக் குத்தகையில் உழுகிறவரிடம் காகிதம் கேட்டால் அவர் எங்கே போவார் என்பது நடைமுறை. 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது. மூன்று லட்சம் வரையிலான பயிர்க் கடனுக்கு 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம். இவ்வளவு போதும். எல்லாத் திட்டத்தையும் தலைகீழாகப் படித்துக்கொண்டு போய் அங்கே கொட்டாதீர்கள், கேட்டால் சொல்வதற்குத்தான்.

‘உங்க சீட்ல இருப்பேன் சார்’ என்று ஒரு பதில் யூடியூபில் சுற்றுகிறது. தைரியமான பதில் என்கிறார்கள். எதிரே இருப்பவருக்குப் பதவி உயர்வு வராத வருடமாக இருந்தால் தெரியும் தைரியம்.

இரண்டு வருட இடைவெளியில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2024 ஜூனில் நடந்த குரூப் 4க்கு விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. உங்களைக் கேள்வி கேட்பவர் வீட்டிலேயே ஒரு தம்பியோ மச்சினியோ அதற்குப் படித்துக்கொண்டிருப்பார். (குரூப் 4க்கு நேர்காணலே கிடையாது. ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பியே இரண்டு வருடம் போக்கியவருக்கு எதிரே ஆளைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்வது சகஜம்தான்.) எத்தனை மாதம், எந்தத் தேர்வு, வரவில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ‘நிறைய பொது அறிவு கிடைத்தது’ என்று பூசி மெழுகவேண்டாம்.

சொல்லவேண்டியது நீங்கள் வெறும் ஒத்தாசை என்று எழுதியிருக்கும் இ-சேவை வேலையை. பயிர்க் காப்பீட்டுக்கு என்ன வேண்டும்? ஆதார், வங்கிப் புத்தகம், நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதிக் கொடுக்கும் அடங்கல். அடங்கலில் சர்வே எண் ஒன்றாகவும் சிட்டாவில் உட்பிரிவு வேறாகவும் இருக்கும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பெரியவர் காலமாகி வாரிசு மாற்றாமல் கிடக்கும். கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி சர்வர் வேறு சுற்றிக்கொண்டே இருக்கும். விவசாயக் கடன் அதிகாரி பார்ப்பதும் இதே காகிதங்களைத்தான். ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களிடம் கொண்டுவந்து காட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். சம்பளம் வாங்காததால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. ‘என் பேர்ல நியமனம் இல்ல, அக்காவோட மையத்துல கூட இருந்து செஞ்சேன்’ என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட்டால் போதும்.

இதில் சங்கடமான கேள்வி ஒன்று வரும்: ‘இன்னமும் குரூப் 4 எழுதுவீங்களா?’ நீங்களாக அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம். கேட்டால் பொய் சொல்லவேண்டாம். விட்டுவிட்டீர்கள் என்றால் விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். எழுதுகிற எண்ணம் இருந்தால், ‘நோட்டிபிகேஷன் வந்தா எழுதுவேன் சார். ஆனா அதுக்குன்னு லீவு போட்டுப் படிக்கற எண்ணம் இல்ல, இந்த வேலையைத்தான் முதல்ல பாக்கறேன்’ என்று சொல்லலாம். இதைக் கேட்டு வேண்டாம் என்று சொல்லும் இடமும் உண்டு. சொல்லட்டும். என் அனுபவத்தில், ஆணையிட்டு ‘எழுதவே மாட்டேன்’ என்பவரை விட இப்படிச் சொல்பவரைத்தான் மேலாளர்கள் நம்புகிறார்கள்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் அப்பா பெயரில் தொடங்கி பொழுதுபோக்கு வரை போகாதீர்கள். ஆலை, இ-சேவை, பி.காம்., இந்த வரிசையில் ஒரு நிமிடம். ஐ.டி. கம்பெனிக்கு அப்பா விவசாயி என்பது தேவையில்லாத செய்தி, இங்கே தேவை. எத்தனை மா நிலம், சொந்தமா குத்தகையா, ஆற்றுப் பாசனமா போர்வெல்லா என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

‘ஏன் எங்க வங்கி?’ என்பதற்குப் போகிற வங்கியின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள், ஆனால் அதை மட்டும் ஒப்பிக்காதீர்கள். கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய வங்கி என்று சிட்டி யூனியன் வங்கிக்காரரிடம் போய்ச் சொன்னால் ‘தெரியுமே’ என்பார். வங்கிகள் தங்கள் கடனில் 18 சதவீதத்தை வேளாண்மைக்குத் தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது; தனியார் வங்கிகள் டெல்டாவில் விவசாயக் கடனுக்கு ஆள் தேடுவதில் அதற்கும் பங்கு உண்டு. அந்த ஊர்களுக்குள் போய்ப் பேசத் தெரிந்தவள் நான் என்பதுதான் உங்கள் பதில். குறை என்ன என்று கேட்டால் ‘பர்ஃபெக்‌ஷனிஸ்ட்’ கதை வேண்டாம். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது, எழுதினால் வரும் என்பது உண்மை என்றால் அதையே சொல்லுங்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. பதில்களை முதலில் தமிழில், வீட்டில் பேசுகிற மாதிரி, அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்குப் புரிந்தால் விஷயம் சரியாக இருக்கிறது. பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஆரம்பித்து இரண்டாவது கேள்வியிலேயே தமிழுக்கு வந்துவிடும் இன்டர்வியூக்கள்தான் இந்தப் பக்கம் அதிகம். விவசாயியிடம் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று அவர்களும் பார்க்கவேண்டுமே.

கல்யாணம். கேட்கக்கூடாத கேள்வி, கேட்கிறார்கள். வேலைக்கு எடுப்பதில் பெண் என்று பாகுபாடு பார்க்கக்கூடாது என்று 1976இல் சம ஊதியச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதை அங்கே எடுத்து வாதாடினால் நீங்கள் ஜெயிக்கலாம், வேலை கிடைக்காது. ‘வீட்ல பேச்சு வந்தாலும் வேலையை விடற யோசனை இல்ல சார், கும்பகோணம், தஞ்சாவூர்னு எந்தக் கிளைன்னாலும் பரவாயில்ல’ என்று ஒரு வரியில் முடித்து வேலைக்கு வந்துவிடுங்கள். அதற்கு மேலும் மாப்பிள்ளை, தேதி, குழந்தை என்று தோண்டினால் பதில் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அந்தக் கிளையில் நாளைக்கு லீவு கேட்டாலும் அப்படித்தான் தோண்டுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். இன்டர்வியூவில் நீங்களும் அவர்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் ‘உங்க இஷ்டம் சார்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். இஷ்டப்படியே கொடுத்துவிடுவார்கள். அவர்கள் சொல்லும் தொகை சி.டி.சி.யா (உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் மொத்தத் தொகை), கைக்கு வருவதா என்று கேளுங்கள். மாதம் 20,000 சி.டி.சி., அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொண்டால், பி.எஃப்.பில் உங்கள் பங்கு 1,200, அவர்கள் பங்கு 1,200, இ.எஸ்.ஐ.யில் இரு பக்கமும் கொஞ்சம் போக, கைக்கு 17,000க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஆலையில் வாங்கிய சம்பளத்தைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்; சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், மாற்றிச் சொன்னால் அங்கேயே முடிந்தது.

கடைசியில் ‘எதாவது கேக்கணுமா?’ என்பார்கள். ‘ஒண்ணும் இல்ல சார்’ என்று எழுந்துவிடாதீர்கள். விவசாயக் கடன் அதிகாரி பாதி நாள் வெயிலில்தான் இருப்பார். எத்தனை ஊர் பார்க்கவேண்டும், டார்கெட் மாதக் கணக்கா பருவக் கணக்கா, வசூலுக்கும் நான்தான் போகவேண்டுமா, தனியாகவா யாரோடாவதா, பெட்ரோல் காசு தனியா சம்பளத்துக்குள்ளா என்று கேளுங்கள். டூவீலர் லைசென்ஸ் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். எல்.எல்.ஆர். மட்டும்தான் கையில் என்றால் இன்டர்வியூவுக்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் டெஸ்ட்டை முடித்துவிடுங்கள்.